எஞ்சின் சூடாகும் வரை

இன்பியோ நெற்றியைத் தரையிலிருந்து எடுப்பதற்குள் அடுத்தவர் ஆஸ்பத்திரி துக்கக் கூடத்தின் வாசலில் ஷூவைக் கழற்றத் தொடங்கியிருந்தார். வந்தவர் மாமனாரின் படத்துக்கு இரண்டு முறை விழுந்து கும்பிட்டார். பிறகு இவன் பக்கம் திரும்பினார். இருவரும் எதிரெதிரே ஒரு முறை விழுந்து எழுந்தார்கள். “என்ன சொல்றதுன்னே தெரியல” என்றார் வந்தவர். அப்படிச் சொல்வதுதான் முறை. சொல்லிவிட்டு சூப் குடிக்கப் போனார்.

நேற்றுக் காலையிலிருந்து இதுதான் வேலை. மாமனார் யோம் பான்சிக்குக்கு ஆண் பிள்ளை கிடையாது. ஒரே மகள் ஹேரான். அவளைக் கட்டியவன் என்ற ஒரே தகுதியில் இன்பியோ துக்கத்துக்குத் தலைவனாகியிருந்தான். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்களை வாடகைக்கு விடும் கம்பெனியில் பல வருஷமாக அவனுக்குப் பதவி உயர்வே கிடைத்ததில்லை. கிடைத்த முதல் பதவி இது. வாடகைக் கறுப்புக் கோட்டு, கையில் கோடு போட்ட துணிப்பட்டை, தனித்தனியாக வலிக்கும் இரண்டு முட்டிகள்.

வந்தவர்களில் பாதிப் பேர் அவனுடைய கம்பெனி ஆட்கள். மாமனாரை உயிரோடு பார்த்தே இராதவர்கள். துக்கத்தை அவர்கள்தான் ஒழுங்காக அனுசரித்தார்கள். நெருங்கிய சொந்தக்காரர்கள் மூலையில் உட்கார்ந்து சோஜு சாராயம் குடித்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் கோப்பையை இடித்துக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தார்கள்.

“மாப்ள” என்றாள் மாமியார் மல்சூன். படத்துக்குப் பக்கத்தில் கறுப்பு உடையில் சுவரோடு சாய்ந்திருந்தாள். “பேட்டரி என்னாச்சு?”

காலையிலிருந்து இது மூன்றாவது முறை.

ஹேரானின் பெரியப்பா தலையை ஆட்டினார். “துக்கம் மண்டைக்கு ஏறிடுச்சு. பாவம்.”

“அம்மா, அப்பாவே போயிட்டாரு” என்றாள் ஹேரான். குரல் கட்டியிருந்தது. அழுததால் அல்ல. அவள் இன்னும் அழவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லியே கட்டியிருந்தது. “இனிமே அந்தக் காருக்குப் பேட்டரி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

“குளிர்ல செத்துரும்டி.”

“சாகட்டும்.”

மல்சூன் இன்பியோவைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை.

கடந்த சில வருஷங்களில் மாமனாரும் மருமகனும் பேசிக்கொண்ட எல்லாவற்றையும் சேர்த்தால் பேட்டரியைத் தவிர வேறு எதுவும் தேறாது. பான்சிக்கின் கார் பழைய சாம்பல் நிற வண்டி. ஓடுவது அபூர்வம். குடியிருப்பின் திறந்தவெளியில் குளிர்காலம் முழுக்கக் கிடக்கும். ஓடாத வண்டியின் பேட்டரி குளிரில் தன்னைத்தானே தின்றுவிடும் என்பது அவர் கொள்கை. அதனால் வண்டியின் வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, காய்கறி வாங்கும் சக்கரப் பையில் வைத்து, லிஃப்டில் நாலாவது மாடிக்குக் கொண்டுபோவார். பால்கனியில் கிம்ச்சி ஊறுகாய்க்கென்றே இருந்த ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் சார்ஜரில் போடுவார். மேலே ஒரு குட்டி மெத்தைத் துணியைப் போர்த்துவார். ஹேரான் கைக்குழந்தையாக இருந்தபோது அவளை முதுகில் கட்டிக்கொண்ட துணி அது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பேட்டரி கீழே இறங்கும், கார் குடியிருப்பை ஒரு சுற்று வரும், பேட்டரி மேலே ஏறும். தூக்குவது மருமகன்.

“எதுக்கு மாமா இவ்வளவு கஷ்டம்?” என்று ஒருமுறை கேட்டான்.

“விடியக்காலைல வீட்ல யாருக்காவது ஒண்ணுன்னா? ஆம்புலன்ஸ் வந்தா சைரனைப் போட்டு ஊரையே எழுப்பிருவான். ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீட்டும். நம்ம வண்டின்னா மரியாதையா போய்ச் சேரலாம்.”

வியாழக்கிழமை விடியலில் அவருக்கே ஒன்று வந்தது. நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றார். மல்சூன் சக்கரப் பையில் பேட்டரியைக் கீழே இழுத்து வந்தாள். அவரே அதன் டெர்மினல்களை ஸ்பேனரால் முடுக்கினார். கார் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. நிறுத்துமிடத்திலிருந்து வெளியே எடுத்து, பாதையின் குறுக்கே நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சின் சூடாகட்டும் என்று உட்கார்ந்தவர் அப்படியே இறந்துபோனார். பிறகு ஆம்புலன்ஸ்தான் வந்தது. சைரன் போட்டுக்கொண்டு.

இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும்.

“கார் சாவி எங்கிட்டதான் இருக்கு” என்றாள் ஹேரான், கணவன் காதருகே. “நாளைக்கு எல்லாம் முடிஞ்சதும் அந்தக் கேமரா கார்டை எடுத்துப் பாக்கப்போறேன்.”

காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவைச் சொன்னாள். இந்த நாட்டில் கார் வைத்திருப்பவர் எல்லாரும் அதையும் வைத்திருப்பார்கள். வெளியே நடப்பதைப் படம் பிடிக்கும், உள்ளே பேசுவதையும் பதிவு செய்யும்.

“எதுக்கு?”

“அம்மா வெளில வர்றதுக்கு முன்னாடி எனக்குப் போன் அடிச்சிருக்கா. நான் சத்தத்தை அணைச்சு வெச்சுட்டுத் தூங்கியிருக்கேன். அப்பா கடைசியா என்ன பேசினாருன்னு நான் கேக்கணும். எனக்குக் கேக்கணும், அவ்வளவுதான்.”

அடுத்த ஆள் ஷூவைக் கழற்றினார். இன்பியோ முட்டியை மடக்கினான்.

அந்த ஆள் சூப்புக்குப் போனதும் மல்சூன் எழுந்தாள். “மாப்ள, கொஞ்சம் வாங்க.” சமையலறைப் பக்கம், எச்சில் தட்டுகளை அடுக்கி வைத்திருந்த இடத்தில் நின்றாள். கதவைச் சாத்தினாள்.

“கார்ல ஏறி உக்காந்ததும் அவரு ‘டெர்மினல் நல்லா இறுகியிருக்கு’ன்னாரு. அதான் கடைசி. அதுக்கப்புறம் பேசினதெல்லாம் நான்.”

கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று மல்சூன் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

“எஞ்சின் சூடாகுறப்ப அவரு கண்ணை மூடிக்கிட்டு, ஸ்டியரிங்ல கையை வெச்சுக்கிட்டு சத்தத்தைக் கேப்பாரு, உங்களுக்குத் தெரியும்ல. அப்படித்தான் இருந்தாரு. நான் சூடாகுதுன்னுதான் நினைச்சேன்.” அவள் ஒரு தட்டை எடுத்து இன்னொரு அடுக்கில் வைத்தாள். “திட்டினேன் மாப்ள. வாய் ஓயாம. பேட்டரிக்குப் போர்வை போத்துவீங்க, பொண்டாட்டி பனியில நிக்கணுமா? உங்க எஞ்சின் சூடாகுறதுக்குள்ள நான் செத்துருவேன். அப்படியாவது இந்த வண்டிய வித்துத் தொலைங்க. என்னென்னவோ. அம்பது வருஷத்துல விட்டுப்போனதையும் சேத்து. என் கால் சூடாகுற வரைக்கும் திட்டினேன். பதில் வரல. பதில் சொல்ற ஆளும் இல்லையே அவரு. அப்புறம் குடியிருப்புக் காவல்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினாரு, போறதுன்னா போங்கன்னு.”

வெளியே யாரோ இன்னும் கொஞ்சம் சூப் கேட்டார்கள்.

“அதை என் மக கேக்கக் கூடாது” என்றாள் மல்சூன்.

“கார்டை எடுத்து உடைச்சுப் போட்டுரலாமே அத்தை.”

“இல்லாத கார்டைத் தேடுவா. காலி கார்டைப் பார்த்தா ஏன் காலின்னு கேப்பா. நிறைஞ்ச கார்டைப் பார்த்தா ஒண்ணும் கேக்க மாட்டா. அந்தக் கேமரா வயிறு நிறைஞ்சுட்டா பழசைத் துப்பிட்டுப் புதுசைத் தின்னும்னு அவரு சொல்வாருல்ல? அது தின்னட்டும். அதுக்கு பேட்டரி சாகாம இருக்கணும். நாளைக்குக் காலைல வரைக்கும்.”

பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். காரின் இரண்டாவது சாவி. ஈரமாக இருந்தது. எவ்வளவு நேரமாக அதைப் பிடித்துக்கொண்டிருந்தாளோ.

இன்பியோவுக்குத் தன் மனைவியின் கட்டிய குரல் நினைவுக்கு வந்தது. எனக்குக் கேக்கணும், அவ்வளவுதான். அவன் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. சாவியை வாங்கிக்கொண்டான். மாப்பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் சம்மதிக்கிறார்கள்.

ஹேரானிடம், அத்தையின் ரத்த அழுத்த மாத்திரை வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றான். “சீக்கிரம்” என்றாள் அவள். “தலைவர் இல்லாட்டி யாரு கும்பிடுறது?”

குடியிருப்பில் வீடுகளுக்கு இருக்கும் அளவு கார்களுக்கு இடம் இல்லை. பிந்தி வருகிறவர்கள் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இல்லாமல் விட்டுப் போவார்கள். காலையில் வெளியே எடுக்க வேண்டியவர்கள் கையால் தள்ளிவிட்டுப் போவார்கள். பான்சிக்கின் கார் பேட்டரியே இல்லாமல் இப்படித் தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டு வாரத்தில் பல இடங்களைப் பார்த்துவிடும். சனிக்கிழமை காலைகளில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே முதல் வேலை.

இப்போது அது எங்கும் போகவில்லை. வியாழக்கிழமை நின்ற அதே இடத்தில், மூன்று கார்களை உள்ளே மறித்துக்கொண்டு நின்றது.

கூ என்ற அந்தக் காவல்காரர் தன் காவல் கூண்டிலிருந்து ஓடி வந்தார். “சார், நீங்க எதுக்கு வந்தீங்க? ஒண்ணும் அவசரமில்ல சார். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கு, தள்ள முடியல. ஆனா யாரும் ஒரு வார்த்தை சொல்லல. மூணு வீட்டுக்காரங்களும் பஸ்ல போறாங்க.”

“பஸ்லயா?”

“பின்ன? அதுல ஒரு உயிர் போயிருக்கு. நடந்து போறவங்ககூட அந்தக் கட்டடத்தச் சுத்திதான் போறாங்க. வண்டிக்கு முன்னாடி குறுக்க நடக்க யாருக்கும் மனசு வரல. எல்லாம் பெரியவருக்குக் குடுக்குற மரியாதை.”

“ரொம்ப மரியாதை” என்றான் இன்பியோ.

இதே ஆட்கள் இதே காரைப் பற்றிக் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

கதவைத் திறந்து மாமனாரின் இருக்கையில் உட்கார்ந்தான். இருக்கை அவர் உயரத்துக்கு முன்னால் தள்ளியிருந்தது. முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. நகர்த்திக்கொள்ளக் கை போய், பாதியில் நின்றது. சாவியைத் திருப்பினான். உள்விளக்குகள் மங்கின. எஞ்சினிடமிருந்து ஒரு டிக் மட்டும் வந்தது. கேமராவின் விளக்கு அணையப் பார்த்தது. சட்டென்று திருப்பி அணைத்தான். விளக்கு மெல்லத் திரும்பி வந்தது, சிவப்பாக, இமைத்துக்கொண்டு. பார்க்க மட்டும் தெம்பு இருக்கிறது, எழுந்திருக்கத் தெம்பு இல்லை. இன்பியோவுக்கு அந்த நிலைமை புரிந்தது.

கேமராவின் குட்டித் திரையில் பதிவுகளின் வரிசை இருந்தது. நிற்கும் வண்டியில் அது எதிரே ஏதாவது அசைந்தால்தான் விழிக்கும். ஒரு நிமிஷம் பதிந்துவிட்டு மறுபடி தூங்கும். பழையது மேலே, புதியது கீழே. மேலே போன சனிக்கிழமை. அதற்கடுத்து வியாழன் விடியல், வரிசையாக. அதன்பின் காவல்காரர், ஆம்புலன்ஸ். அதற்குப் பிறகு ஒன்றிரண்டுதான். மரியாதையின் விளைவு. எதிரே எதுவும் அசையாததால் கேமரா புதிதாக எதையும் தின்னவில்லை. பழசு பத்திரமாக இருந்தது.

அவன் எதையும் ஓட்டிப் பார்க்கவில்லை.

நாலாவது மாடிக்குப் போனான். பால்கனியில் சார்ஜர் குளிர்ந்து கிடந்தது, மெத்தைத் துணி மடித்து மேலே வைக்கப்பட்டிருந்தது. பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுவந்தால் கேமரா செத்துவிடும். எனவே சார்ஜர் கீழே போக வேண்டும். அது ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும் வகை. எஞ்சினை எழுப்ப அதனால் முடியாது. கேமராவை உயிரோடு வைத்திருக்கப் போதும். பிரச்சினை, கீழே கரன்ட் இல்லை.

கரன்ட் இருந்தது தரைத்தளத்து நூற்று மூன்றாம் எண் வீட்டில். அந்த வீட்டம்மாள் கட்டடத்தின் பிரதிநிதி. ‘வாகனங்களுக்காக ஜன்னல் வழியே ஒயர் இழுப்பது நாகரிகமற்ற செயல்’ என்று லிஃப்டில் அறிவிப்பு ஒட்டியவள். ஜன்னல் வழியே ஒயர் இழுக்க முயன்ற ஒரே மனிதர் பான்சிக்.

இன்பியோ ஜன்னலைத் தட்டினான். கறுப்புக் கோட்டு, கைப்பட்டை, ஒரு கையில் சார்ஜர், மறு கையில் நீண்ட ஒயர் சுருள்.

ஜன்னல் திறந்தது. நூற்று மூன்று அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். “சாவு வீட்டை விட்டுட்டு இங்க என்ன செய்றீங்க?”

“அம்மா, கொஞ்சம் கரன்ட் வேணும்.”

“எதுக்கு?”

“பேட்டரி சாகக் கூடாது. நாளைக்குக் காலைல வரைக்கும்.”

அவள் காரைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தான். சொல்ல ஒரு பொய்யைத் தேடினான். களைப்பில் ஒன்றும் அகப்படவில்லை.

“செத்தும் என் கரன்ட்டை விட மாட்டேங்குறாரு உங்க மாமனாரு” என்று கையை நீட்டினாள். “குடுங்க அந்த முனைய.”

“ரொம்ப நன்றிம்மா.”

“நன்றியெல்லாம் இருக்கட்டும். அந்த அறிவிப்பை நான் எடுக்க மாட்டேன்.”

பானட்டைத் திறந்து கிளிப்புகளை மாட்டினான். சிவப்பு முதலில், கறுப்பு பிறகு, கழற்றும்போது நேர்மாறு. மாமனார் சொல்லிக்கொடுத்தது கை தானாகச் செய்தது. டெர்மினல்கள் நன்றாகத்தான் இறுகியிருந்தன. கேமராவின் சிவப்பு பச்சையானது.

இனி எதிரே ஏதாவது அசைய வேண்டும்.

பாதையில் யாரும் இல்லை. கட்டடத்தின் கோடியில் இரண்டு பெண்கள் மார்க்கெட் பைகளோடு வந்தார்கள், காரைப் பார்த்தார்கள், தலை குனிந்து சுற்றுவழியில் திரும்பினார்கள். இன்பியோ பெருமூச்சு விட்டான். பிறகு காரின் எதிரே இடமிருந்து வலமாக நடந்தான். கேமரா விழித்தது. ஒரு நிமிஷம் காத்திருந்தான். வலமிருந்து இடமாக நடந்தான்.

இப்படியே போனான், வந்தான். சிறு தூறலாகப் பனி ஆரம்பித்தது. அவ்வப்போது கதவைத் திறந்து திரையைப் பார்த்தான். கீழே இவன் ஒவ்வொன்றாகச் சேரச் சேர மேலே சனிக்கிழமை ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை அவனுக்கு நினைவிருந்தது. ஒரு சுற்று. மாமனார் ஓட்டினார், இவன் பக்கத்தில். “பிரேக்கை மெதுவா மிதிக்கணும் மாப்ள, எறும்பு மேல கால் வைக்கிற மாதிரி” என்று சொன்னார். இவன் கொட்டாவி விட்டுக்கொண்டு “ம்” என்றான். அந்த “ம்”மும் அதில் இருந்திருக்கும். இப்போது இல்லை.

சனிக்கிழமை தீர்ந்தபோது வரிசையின் தலையில் வியாழன் விடியல் நின்றது.

இன்பியோ காரின் எதிரே அசையாமல் நின்றான். அவன் நின்றால் கேமரா தூங்கும். தூங்கினால் எல்லாம் இருக்கும். ஒரு மனிதர் டெர்மினல் இறுகியிருப்பதாகச் சொல்லும் குரல் இருக்கும். அது அவன் மனைவிக்கு வேண்டும். அவள் தூங்கி இரண்டு நாளாகிறது. அதற்கடுத்து அவள் அம்மாவின் குரலும் இருக்கும். ஒன்றை மட்டும் பிரித்து எடுக்க இந்தப் பெட்டிக்குத் தெரியாது. தலைமுடியிலும் கைப்பட்டையிலும் பனி சேர்ந்தது. சாவு வீட்டில் ஒரு கூட்டமே எதிரே நின்றாலும் என்ன செய்வதென்று முறை எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை முறை விழுவது, எந்தக் கையை மேலே வைப்பது. இதற்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

போன் அடித்தது. ஹேரான்.

“எங்க போனீங்க? கும்பிட ஆளில்ல. பெரியப்பா நான் இருக்கேன்னு போய் விழுந்துட்டு எந்திரிக்க முடியாம கெடக்காரு. ரெண்டு பேரு தூக்கினாங்க.”

“வந்துட்டே இருக்கேன்.”

“அம்மா வேற ஒரு வாய் சாப்பிட மாட்டேங்குறா. வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கா. யாருக்காகக் காத்திருக்கான்னே தெரியல.”

“வரேன்.”

போனைப் பையில் போட்டான். இடது காலை எடுத்து வைத்தான்.

அடியில் பனி இறுகியிருந்தது. கால் வழுக்கி, முழங்கையும் முட்டியும் தரையில் பட, காரின் முன் குப்புற விழுந்தான். எழுந்தான். யாராவது பார்த்தார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு, இரண்டு நாள் பழக்கத்தில், காரைப் பார்த்து இன்னொரு முறை விழுந்து எழுந்தான். கணக்கு சரியாக இருக்கட்டும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

“பாத்து, பாத்து!” கூ துடைப்பத்தோடு ஓடி வந்தார். “ஏன் சார் இதுலயே நடக்குறீங்க?”

“குளிர்.”

கூ அவன் முகத்தைப் பார்த்தார். பச்சை விளக்கைப் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் காரின் எதிரே பனியைப் பெருக்க ஆரம்பித்தார். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினார். நூற்று மூன்று குப்பைப் பையோடு வெளியே வந்து, காரின் முன்னால் குறுக்கே நடந்து குப்பைத் தொட்டிக்குப் போனாள். திரும்பி வந்தாள். பிறகு அட்டைப்பெட்டிகளோடு போனாள். பிறகு காலி பாட்டில்களோடு. அவள் வீட்டில் அவ்வளவு குப்பை இருக்க நியாயமில்லை. சுற்றுவழியில் திரும்பப் போன ஒரு ஆள் இவர்களைப் பார்த்துத் தயங்கி, தலையைத் தாழ்த்தி, நேர்வழியிலேயே நடந்து போனார். அவர் பின்னால் இன்னொருவர். பாதை மறுபடி பாதையானது.

தெருவிளக்கு எரிந்தபோது இன்பியோ கதவைத் திறந்து பார்த்தான். வரிசையில் வியாழன் விடியல் இல்லை; தலையில் பனியில் நடக்கும் இவன்தான் இருந்தான்.

கறுப்புக் கிளிப்பை முதலில் எடுத்தான், சிவப்பைப் பிறகு. ஹேண்ட்பிரேக்கை இறக்கி நியூட்ரலில் போட்டான். அவனும் கூவும் சேர்ந்து தள்ளினார்கள். தேவையே இருக்கவில்லை; ஒரு கை வைத்ததும் கார் நகர்ந்தது. உள்ளே மாட்டியிருந்த மூன்றும் இனி வெளியே வரலாம்.

சாவு வீட்டு வாசலில் மல்சூன் அவனைப் பார்த்தாள். அவன் மாத்திரையை நீட்டினான். அவள் அதைப் போட்டுக்கொண்டு, ஒரு கிண்ணம் சூப் வாங்கிச் சாதம் போட்டுச் சாப்பிட்டாள். பெரியப்பா, பரவாயில்லை, தெளிந்துவிட்டாள் என்றார்.

சனிக்கிழமை காலை சவப்பெட்டி கிளம்பியது. இன்பியோ படத்தைக் கையில் ஏந்தி முன்னால் நடந்தான். எரிக்குமிடத்தில் அவர்களுக்கு முன்னால் வரிசை, பின்னால் வரிசை. சாம்பலை வெள்ளைக் கலயத்தில் வாங்கி, கலயத்துக்கென்று இருக்கும் மாடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது மதியமாகியிருந்தது. மல்சூன் உடையைக்கூட மாற்றாமல், அடியிலிருந்து சூடேற்றிய தரையில் சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

ஹேரான் மட்டும் கீழே போய் கேமரா கார்டோடு வந்தாள். போனில் செருகினாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். இன்பியோ எதிரே உட்கார்ந்தான்.

திரையில் பனி. கறுப்புக் கோட்டு போட்ட ஒருவன் இடமிருந்து வலமாகப் போனான்.

“இது நீங்கதானே?”

“ம்.”

அடுத்தது. வலமிருந்து இடம். அடுத்தது. அவள் வேகமாகத் தள்ளினாள். மறுபடி அவன். மறுபடி. ஒரு இடத்தில் அவன் விழுந்தான், எழுந்தான், இரண்டு பக்கமும் பார்த்தான், காரைக் கும்பிட்டான். பிறகு துடைப்பம், குப்பைப் பை. ஹேரான் ஒலியை முழுசாகக் கூட்டினாள். காருக்குள் யாரும் இல்லாததன் இரைச்சல்தான் கேட்டது.

“வியாழக்கிழமை எங்க?”

“பழசைத் துப்பிரும்ல அது. மாமா சொல்வாரே.”

“தெரியும்.” அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “மாத்திரை எடுக்கத்தானே போனீங்க? அங்க எதுக்கு நடந்தீங்க?”

“குளிர்.”

“குளிர்னா வீட்டுக்குள்ள போகணும்.”

அவள் மேலே கேட்கவில்லை. கட்டை விரல் திரையின் மேல் நின்றது. கீழுதடு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

“ஹேரான்.” சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

“தூங்கலையாம்மா?”

“கார்ல உக்காந்ததும் சொன்னாரு. ஹேரானை எழுப்பாத, தூங்கட்டும்னாரு. நான் உனக்குப் போன் அடிச்சதுக்குத் திட்டினாரு. பொண்ணு நாள் பூரா வேலை பாத்துட்டு வந்து படுத்திருப்பா, உனக்கு அறிவு இருக்கான்னாரு. அதான் கடைசி.”

இன்பியோ மாமியாரின் முதுகைப் பார்த்தான். அது அசையவில்லை. டெர்மினலைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஹேரான் எழுந்தாள். இரண்டெட்டு நடந்து, தரையில் உட்கார்ந்து, அம்மாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. மல்சூன் திரும்பாமலே கையைப் பின்னால் கொண்டுபோய் மகளின் தலையைத் தேடிப் பிடித்தாள்.

மேசையில் போன் தானாக அடுத்த பதிவுக்குப் போனது. கறுப்புக் கோட்டுக்காரன் இடமிருந்து வலமாக நடந்தான். நிமிஷம் முடிந்தது. வலமிருந்து இடமாக நடந்தான்.